சேப்பாக்கத்தைக் காதால் பார்த்தவர்

சேப்பாக்கம் விளையாட்டரங்கைப் பற்றி அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் 2024 செப்டம்பர் வரை அவர் அந்த வாசலைக்கூட மிதித்ததில்லை. எல்லாமே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அங் மோ கியோவில் இருந்த எங்கள் மூவறை வீட்டில் ஒரு சிற்றலை வானொலி இருந்தது. சமையலறை சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியில் செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் மறுமுனையை வானொலியில் சொருகி, அகில இந்திய வானொலியைத் தேடிப் பிடிப்பாராம் அப்பா. அம்மா கழியில் ஈரத் துணியைப் போட்டால் சிக்னல் போய்விடும். அதனால் டெஸ்ட் ஆட்டம் நடக்கும் ஐந்து நாளும் எங்கள் வீட்டில் துணி துவைப்பது இரவு நேரத்தில்தான் என்று அம்மா இன்றும் குறைப்பட்டுக்கொள்வார்.

அந்த வருணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வரும். ஆங்கிலம் வந்தால் அப்பாவுக்குக் கவலை இல்லை. இந்தி வந்தால் ஆட்டக்காரர்களின் பெயரைத் தவிர ஒன்றும் புரியாது. அந்த நேரங்களில் அவர் வருணனையாளரை விட்டுவிட்டு, பின்னால் இரையும் கூட்டத்தைக் கேட்பாராம். "நாலு ஓட்டம்னா சத்தம் படிப்படியா ஏறும். அவுட்டுன்னா ஒரே அடியா வெடிக்கும். நம்ம ஆளு அவுட்டுன்னா பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கும். எதிராளி நல்லா ஆடினா கைதட்டு மட்டும் கேக்கும், கூச்சல் இருக்காது. இந்தக் கடைசிச் சத்தம் மெட்ராஸ்ல மட்டும்தான்மா."

வானொலிப் படைப்பாளராகப் பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன எனக்கு. ஒலியை வைத்துப் பிழைக்கும் எனக்கே இப்படிப் பிரித்துக் கேட்கத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அப்பாவின் செவித்திறன் மூன்று ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு காதிலும் கருவி பொருத்தியிருக்கிறார். 2024 தொடக்கத்தில் பரிசோதனைக்குப் போனபோது, இடக் காதில் இனி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும்போது எம்ஆர்டியில் நான் பேசியதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார். அன்று இரவே இந்தியா-பங்ளாதேஷ் டெஸ்ட் எங்கே, எப்போது என்று தேடினேன். சென்னை, செப்டம்பர் 19. முதல் நாளுக்கு இரண்டு டிக்கெட், நான்கு மணி நேர விமானப் பயணம். மேலாளரிடம் விடுப்புக் கேட்டபோது காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை. "குடும்ப விஷயம்" என்றேன். பொய்யும் இல்லை.

*

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தோம். சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் அரங்குக்கு ஒட்டினாற்போலவே இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு நடக்க வேண்டுமாம். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள், புத்தகக் கடைகள், தேநீர்க் கடைகள் எல்லாம் ஒரு பக்கம், மெரினா கடற்கரை மறுபக்கம். நடுவில் இந்த அரங்கு. காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது.

இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. அவருக்காக 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை இன்றும் பக்கத்தில் இருக்கிறது. அரங்கு நிற்கும் நிலமும் ஒரு காலத்தில் அந்த அரண்மனைத் தோட்டத்தின் பகுதிதான். நவாப் பட்டம் 1855இல் ஒழிக்கப்பட்ட பிறகு அரண்மனை ஆங்கிலேய அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1846இல் தொடங்கப்பட்டிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1860களின் நடுவில் இங்கே குடிவந்தது. நம் பாடாங்கில் விளையாடும் சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இல் பிறந்தது. ஆக, ஆறு வயது அண்ணன். இரண்டுமே வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட புல்வெளிகள். பாடாங் இன்றும் வேலியில்லாத திடலாகவே இருக்கிறது. அலுவலகம் முடிந்து போகிறவர்கள் நின்று இரண்டு ஓவர் பார்த்துவிட்டுப் போகலாம். சேப்பாக்கமோ முப்பத்தெட்டாயிரம் பேர் உட்காரும் அரங்காக வளர்ந்துவிட்டது.

எம்.ஏ. சிதம்பரம் அரங்கு என்பதுதான் முறையான பெயர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்த தொழிலதிபர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் ஒரு கணம் யோசிப்பார். "சேப்பாக்கம் கிரவுண்டு" என்றால் போதும்.

முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் நடந்தது இங்கேதான். 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும் மோதின. ஆட்டம் அன்று மாலையே முடிந்துவிட்டது. மெட்ராஸில் வேரூன்றிய சீக்கியரான ஏ.ஜி. ராம் சிங் ஒரே நாளில் 11 விக்கெட் எடுத்தார். அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிறகு இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார்கள். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே திடலில், 1952 பிப்ரவரி 10ஆம் தேதி. 1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய அணி முதல் வெற்றிக்கு இருபது ஆண்டுகள் காத்திருந்தது. விஜய் ஹசாரே தலைமை. வினு மன்கட் 12 விக்கெட். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம். தோற்றது இங்கிலாந்து. அந்த ஆட்டம் தொடங்கிய நாளில்தான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவுக்கும் அவர்தான் மன்னர்.

இவற்றையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டவை வேறு.

*

1975 பொங்கல் டெஸ்ட் என்று ஆரம்பித்தாலே அவர் குரல் மாறும். சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் பொங்கலை ஒட்டி வருவது அந்தக் காலத்து வழக்கம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் புயலாக வீசி ஏழு விக்கெட்டைச் சாய்த்தார். இந்தியா மொத்தம் 190. அதில் ஜி.ஆர். விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. சதத்துக்கு மூன்று ஓட்டம் இருக்கும்போது மறுமுனையில் ஆளில்லாமல் போய்விட்டது. "நூறு அடிச்சவன் பேரை எல்லாம் மறந்துட்டாங்க. தொண்ணூத்தேழு இன்னும் நிக்குது" என்பார் அப்பா.

1983 டிசம்பரில் சுனில் கவாஸ்கர் இங்கே 236 ஓட்டங்கள் எடுத்தார். அது அவருடைய 30ஆவது டெஸ்ட் சதம். டான் பிராட்மனின் 29 சதச் சாதனை அன்று உடைந்தது. வழக்கமாகத் தொடக்க ஆட்டக்காரராக வரும் கவாஸ்கர் அந்த ஆட்டத்தில் நான்காவது ஆளாக இறங்குவதாக ஏற்பாடு. ஆனால் இரண்டு விக்கெட் விழுந்தபோது அணியின் எண்ணிக்கை பூஜ்யம். நான்காவதாக வந்தும் அவர் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் எங்கள் வீட்டில் சேப்பாக்கம் என்றால் 1986 செப்டம்பர் 22தான்.

ஆஸ்திரேலியாவுடன் ஐந்து நாள் ஆட்டம். பொங்கல் குளிரில் ஆட வேண்டிய ஊரில் செப்டம்பர் புழுக்கத்தில் வைத்துவிட்டார்கள். டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். ஆடும்போதே திடலில் வாந்தி எடுத்தார். உடலில் நீர் வற்றி, வெளியேற நினைத்தவரிடம் அணித்தலைவர் ஆலன் பார்டர், உன்னால் முடியாவிட்டால் சொல், ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை வரவழைக்கிறேன் என்ற பொருளில் சீண்டினார். ஜோன்ஸ் விக்டோரியாக்காரர், ரோஷம் வந்து தொடர்ந்தார். ஆட்டமிழந்த பிறகு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நரம்பில் நீர் ஏற்றினார்கள். அந்த வெயிலில் கிரெக் மேத்யூஸ் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் பந்து வீசி, இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தார். இந்தியத் தரப்பில் கபில் தேவ் 119.

கடைசி நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. துணிந்து துரத்தினார்கள். கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் வேண்டும், ஒரு விக்கெட் கையில். மேத்யூஸ் வீசினார். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு, பிறகு ஒன்று எடுத்தார். இப்போது இரு அணியும் சமம். மூன்று பந்து மீதி. மட்டையோடு நின்றவர் மணிந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது சமன். முதலாவது 1960இல் பிரிஸ்பேனில் நடந்தது. அந்த ஆட்டத்தில் ஆடிய பாப் சிம்சன், 1986இல் ஆஸ்திரேலிய அணியின் பயிற்றுவிப்பாளராகச் சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சென்னையில் மாலை ஐந்து மணி தாண்டிய நேரம். சிங்கப்பூரில் இரவு எட்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. துறைமுக வேலை முடிந்து வந்த அப்பா குளிக்கக்கூட இல்லை. கடைசி ஓவர் தொடங்கியதும் இரைச்சல் கூடிவிட்டது. வருணனையாளரின் சொல் ஒன்றும் பிடிபடவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் அலையலையாக வந்து போனது. திடீரென்று ஒரே அடியாக வெடித்த ஓசை. அதன் பிறகு சிக்னலே இல்லை.

அப்பா தன் இலக்கணப்படி பொருள் கொண்டார். இந்தியா வென்றுவிட்டது! கீழே காப்பிக் கடைக்கு ஓடி, நண்பர்கள் ஆறு பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலைச் செய்தித்தாளைப் பார்த்தபோதுதான் யாரும் வெல்லவில்லை என்பது தெரிந்தது. அந்த ஆறு பேரில் இப்போது இருவர்தான் இருக்கிறார்கள். இன்றும் ஏதாவது நல்ல செய்தியை அப்பா சொன்னால், "வென்றதா, சமனா? சரியாகக் கேட்டுச் சொல்" என்பார்கள்.

மணிந்தர் சிங்குக்கு இன்னொரு கணக்கும் இந்தத் திடலில் இருக்கிறது. ஓராண்டு கழித்து 1987 உலகக் கிண்ணம். மறுபடியும் ஆஸ்திரேலியா, மறுபடியும் கடைசி ஓவர், மறுபடியும் அவரே கடைசி ஆள். ஸ்டீவ் வா அவருடைய ஸ்டம்பைத் தகர்த்தார். இந்தியா ஒரே ஓட்டத்தில் தோற்றது. அன்று ஆஸ்திரேலியா எடுத்ததாக முதலில் பதிவானது 268. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நான்கா ஆறா என்ற விவாதத்தில், ஆறு என்பதைக் கபில் தேவ் ஏற்றுக்கொண்டதால் அது 270 ஆனது. இந்தியா எடுத்தது 269. கபில் தேவை இதற்காக இந்தியாவில் யாரும் பெரிதாகக் கடிந்துகொண்டதாக அப்பா கேள்விப்பட்டதில்லை. எனக்கு அதுவே ஆச்சரியம்.

*

என் தலைமுறைக்குச் சேப்பாக்கம் என்றால் 1999 ஜனவரி 31. எனக்குப் பதின்மூன்று வயது. அது தொலைக்காட்சிக் காலம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பாகிஸ்தான் அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. அந்த அணி வரக் கூடாது என்று டெல்லி திடலின் ஆடுகளத்தையே வெட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. இலக்கு 271. ஐந்து விக்கெட் 82 ஓட்டத்துக்குப் போனது. முதுகுவலியில் துவண்டுகொண்டே டெண்டுல்கர் 136 எடுத்தார். அவர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் ஆட்டமிழந்தபோது வெற்றிக்குத் தேவை 17 ஓட்டங்கள். மீதி மூன்று விக்கெட்டும் நான்கு ஓட்டத்தில் சரிந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றது.

நான் அழுதேன். தொலைக்காட்சியில் சிறிது நேரம் எந்த ஒலியும் இல்லை. பிறகு கைதட்டல் தொடங்கியது. வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்டக்காரர்களும் திடலைச் சுற்றி வந்தார்கள். சேப்பாக்கம் எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தது. "நான் சொல்லல? இந்தச் சத்தம்தான்" என்றார் அப்பா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். உண்மைதான். கூச்சல் இல்லை, கைதட்டு மட்டும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, இதே திடலில் சயீத் அன்வர் 194 எடுத்து ஒருநாள் ஆட்ட உலகச் சாதனை படைத்தபோதும் கைதட்டல் கிடைத்தது. டெண்டுல்கருக்குச் சேப்பாக்கம் 2008 டிசம்பரில் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தது. மும்பைத் தாக்குதலுக்குச் சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்த இங்கிலாந்துக்கு எதிராக 387 ஓட்ட இலக்கு. டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103. அந்த முறை கடைசிவரை நின்றார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேப்பாக்க ரசிகர்கள் விவரமானவர்கள், எதிரணியையும் மதிப்பவர்கள் என்பது இப்போது ஒரு விளம்பர வாசகம் மாதிரி ஆகிவிட்டது. ஐபிஎல் ஆட்டம் ஒன்றுக்கு வேலை நிமித்தம் நான் முன்பே ஒருமுறை வந்திருக்கிறேன். மஞ்சள் கடல், விசில் மழை. தோனி மட்டையோடு இறங்கும்போது எழும் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிரும். அவர் இறங்க வேண்டும் என்பதற்காகத் தன் அணியின் ஆட்டக்காரர் ஆட்டமிழந்தாலே ஆரவாரம் செய்கிறார்கள். அப்பாவின் இலக்கணத்தில் அதற்கு இடமே இல்லை. 1999இன் கூட்டம் இன்னும் அங்கே இருக்கிறதா, அல்லது அந்தப் பெருமையை மட்டும் வைத்துக் காலம் ஓட்டுகிறார்களா? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது எனக்குள் இந்தப் பயம் இருந்தது. ஐம்பது ஆண்டு கட்டிவைத்த மனக்கோட்டையை நானே இடித்துவிடக் கூடாதே.

*

உள்ளே நுழைந்ததும் அப்பா அண்ணாந்து பார்த்தார். 2011இல் புதுப்பித்தபோது போட்ட வெள்ளைக் கூரைகள், கப்பல் பாய் விரித்ததுபோல. லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. லார்ட்ஸ் அரங்கின் மவுண்ட் ஸ்டாண்டைக் கட்டியவர்களும் அவர்களே. இருக்கைப் பகுதிகளுக்கு இடையே விட்ட இடைவெளி வழியாகக் கடற்காற்று வரும். அந்தப் புதிய பகுதிகளில் மூன்றை, அனுமதிச் சிக்கலால் 2012க்குப் பிறகு பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் முன்பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இப்போது நிறைந்திருந்தது.

எங்களுக்கு முன் வரிசையில் அறுபதைத் தாண்டிய அண்ணன் தம்பி இருவர், தயிர்சாதப் பொட்டலத்தின் நினைவாக இருப்பதுபோல் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கல்லூரி மாணவர்கள் கூட்டம். அவர்களுக்குக் கோஹ்லி வேண்டும்.

கோஹ்லி வந்தார், ஆறு ஓட்டத்தில் போனார். ஹசன் மஹ்மூத் என்ற இளைஞர் ரோகித், கில், கோஹ்லி மூவரையும் அடுத்தடுத்துக் கழற்றினார். 34க்கு மூன்று. அரங்கு அப்படியே அடங்கிவிட்டது. நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டு வருமா? முன் வரிசை அண்ணன் தட்டினார். அங்கங்கே சிலர் தட்டினார்கள். மழை தொடங்கும் முன் விழும் தூறல்போல அது கேட்டது. 1999இல் கேட்ட கைதட்டலின் பக்கத்தில்கூட வராது. மாணவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள்.

"சில பேர்தான் தட்டறாங்க" என்றேன் அப்பாவின் வலக் காதருகே.

"சில பேர் இருக்காங்கல்ல" என்றார்.

உணவு இடைவேளையில் அண்ணன் தம்பியோடு பேச்சு வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு நாள் ஆட்டத்துக்காக வந்திருக்கிறோம் என்றதும் அவர்கள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். 1986இல் இருவருமே இங்கே இருந்திருக்கிறார்கள். அப்பா கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டார்: "சார், மணிந்தர் அவுட்டானது எந்தப் பக்கம்?"

"இதோ, இந்த எண்டு" என்றார் அண்ணன், ஒரு பக்கம் கைநீட்டி.

"என்னண்ணா நீ! அந்தப் பக்கம். நாம உக்காந்த இடத்துலேர்ந்து மேத்யூஸ் முதுகு தெரிஞ்சுது" என்றார் தம்பி.

"முதுகா? மூஞ்சி தெரிஞ்சுது. ஸ்வெட்டர் கூட ஞாபகம் இருக்கு."

அரை மணி நேரம் வாதம் நடந்தது. முடிவு வரவில்லை. அந்தக் கடைசிப் பந்துக்குப் பிறகு கூட்டம் எப்படிச் சத்தம் போட்டது என்று அப்பா கேட்டார். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே பதில். எல்பிடபிள்யூ கேட்டு ஆஸ்திரேலியர்கள் கத்தினார்கள். அதோடு சரி. அரங்கில் இருந்தவர்களுக்கே தாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று சிறிது நேரம் விளங்கவில்லையாம்.

"அப்போ நான் கேட்டது ஆஸ்திரேலியாக்காரன் கத்தினதா?" அப்பா வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்தியாவின் வெற்றி ஆரவாரம் என்று அவர் நினைத்திருந்தது, எதிரணியின் முறையீடு.

*

பிற்பகலில் இந்தியா 144க்கு ஆறு விக்கெட். மாணவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அப்போது அஸ்வின் இறங்கினார். மேற்கு மாம்பலத்துப் பிள்ளை, இந்தத் திடலில் வளர்ந்தவர். மறுமுனையில் ஜடேஜா, மஞ்சள் சட்டையில் அப்போது இவர்கள் தினம் பார்த்த முகம். தேநீர் இடைவேளையில் 176. அதற்குள் கடற்காற்று வரத் தொடங்கியிருந்தது. சட்டை முதுகிலிருந்து பிரிந்தது. நெய்தல் நிலத்து மக்களுக்குத்தான் தெரியும், அந்த முதல் காற்றின் அருமை; ஈஸ்ட் கோஸ்ட்டில் வளர்ந்த என் கணவர் இருந்திருந்தால் கண்ணை மூடியிருப்பார்.

அதன் பிறகு ஓட்டங்கள் கொட்டின. ஒவ்வொரு நான்குக்கும் சத்தம் படிப்படியாக ஏறியது, அப்பா சொன்ன அதே கணக்கில். கிளம்பிய மாணவர்கள் சிலர் திரும்பி வந்து படிக்கட்டில் நின்றார்கள். நான் வேலைப் பழக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டிருந்தேன்.

அஸ்வின் தொண்ணூறைத் தாண்டியபோது அப்பா இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பதறிவிட்டேன். "என்னப்பா, வலிக்குதா?"

"மெஷின் சத்தத்தை அமுக்குதும்மா. பெருசா கத்தினா சின்னதாக்கிடுது" என்றார். எங்கள் நிலையத்திலும் அதற்கு ஒரு கருவி இருக்கிறது. அளவுக்கு மேல் ஏறும் ஒலியைத் தானாகவே அடக்கும். நேயர்களின் காதைக் காப்பதற்காக. அப்பாவுக்கு அன்று அந்தக் காவல் வேண்டாமாம்.

108 பந்தில் சதம். அரங்கு எழுந்தது. என் பக்கத்தில் கருவியில்லாத காதோடு அப்பாவும் எழுந்து நின்றார். எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இதோ, ரேடியோவில வந்த மாதிரியே வருது. தூரத்துலேர்ந்து" என்றார்.

அன்று ஆட்டம் முடிந்தபோது 339க்கு ஆறு. அஸ்வின் 102, ஜடேஜா 86. அதே டெஸ்ட்டில் பிறகு ஆறு விக்கெட்டும் எடுத்து இந்தியாவை வெல்ல வைத்தார் அஸ்வின். டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகிவிட்டார். சேப்பாக்கத்தில் அவர் ஆடிய கடைசி டெஸ்ட் அது என்பது அந்த மாலை எங்களில் யாருக்கும் தெரியாது. மறுநாள் ஹசன் மஹ்மூத் ஐந்தாவது விக்கெட்டை எடுத்தபோது நாங்கள் விடுதி அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். கைதட்டல் முதல் நாளைவிடக் கொஞ்சம் தாராளமாகக் கேட்டது. ஒருவேளை 376 ஓட்டங்கள் எடுத்துவிட்ட தாராளமாகவும் இருக்கலாம்.

என் ஒலிப்பதிவைப் பிறகு போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி கடற்காற்று.

அரங்கைவிட்டு வெளியே வந்து திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி சாப்பிட்டோம். நீங்கள் போனால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: சாம்பாரை அவர்கள் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், வேண்டாம் என்பதைக் கையால் காட்ட வேண்டும். பையை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தொப்பி கட்டாயம்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா சிங்கப்பூருக்குத் தொலைபேசியில் அழைத்தார். 1986இல் காப்பி குடித்த ஆறு பேரில் ஒருவர். கருவிகள் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தன. அதனால் உரக்கப் பேசினார்; பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவர் வலக் காதருகே பிடித்தேன்.

"டேய், சேப்பாக்கத்துலேர்ந்து பேசறேன்டா!"

மறுமுனையில் அங்கிள் கேட்டார்: "யாருடா ஜெயிச்சது?"

"முதல் நாள்தான்டா முடிஞ்சிருக்கு," என்றார் அப்பா. "இன்னும் நாலு நாள் இருக்கு. காப்பி வாங்கிடாதே."